பேரிக்காயும் தேங்காயும்

தலித் தன்வரலாறுகளைப் பற்றிப் பேசும் மேடைகளில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற சொல் சர்வசாதாரணமாக விழுகிறது. அதிலும் பாமாவின் 'கருக்கு' (1992) என்றால் கேட்கவே வேண்டாம். எழுதியவர் கிறித்துவர், கன்னியாஸ்திரியாக இருந்து வெளியேறியவர், 'நான்' என்று எழுதுகிறார், மனம் நொந்து எழுதுகிறார். அப்புறமென்ன, அகுஸ்தீன் தொடங்கிவைத்த ஆன்ம சரித்திர மரபில் இன்னொன்று என்று முடித்துவிடுகிறார்கள். இதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அகுஸ்தீனைப் படித்தார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். படித்திருந்தால் இரண்டு பிரதிகளும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்திருக்கும்.

வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தரைப் பற்றி நமக்கு என்னத்துக்குப் பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். முதலில், அவர் வெள்ளைக்காரர் இல்லை. கி.பி. 354இல் வடஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். அப்பா பத்ரீசியுஸ் கொஞ்சம் நிலம் உடையவர், ஊர்ச் சபையில் அங்கம் வகித்தவர். அம்மா மோனிக்கா. கார்த்தேஜில் படித்து, ரோமிலும் மிலானிலும் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து, 386இல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனம் மாறி, மறு ஆண்டு ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். பிறகு ஹிப்போ நகர ஆயர். 397 வாக்கில் தொடங்கி 13 பாகங்களாக எழுதியதுதான் 'கன்ஃபெசியோனெஸ்'. அய்ரோப்பாவின் தன்வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்கிறார்கள்.

'கன்ஃபெசியோ' என்ற லத்தீன் சொல்லுக்குப் பாவத்தை ஒப்புக்கொள்வது என்றும் பொருள், கடவுளைப் புகழ்வது என்றும் பொருள். நம்முடைய பழைய சாமியார்கள் இதற்குத் தமிழில் வைத்த பெயர் 'பாவசங்கீர்த்தனம்'. பாவத்தோடு கீர்த்தனத்தைச் சேர்த்தவன் கெட்டிக்காரன். ஆனால் பழக்கத்தில் கீர்த்தனம் உதிர்ந்துபோய்ப் பாவம் மட்டும் தங்கிவிட்டது. எங்க அப்பாயி வருசத்துக்கு ஒருதரம் சங்கீர்த்தனத்துக்குப் போவாள். விடியக்காலமே களையெடுக்கப் போய்ப் பொழுதுசாய வீடு திரும்புகிறவளுக்குப் பாவம் செய்ய ஏது நேரம்? "ஒண்ணுமில்லேன்னு சொன்னா சாமியாரு கோவிச்சுக்குவாருடா, ரெண்டச் சேத்துச் சொல்லிட்டு வந்தேன்" என்பாள். அந்த ரெண்டு பாவம் எதுவென்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

தமிழில் 'ஒப்புதல் வாக்குமூலம்' வாங்குகிற வேறொரு இடமும் உண்டு. காவல் நிலையம். சேரிப் பையனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து, அவன் செய்யாததையும் செய்ததாகக் கையெழுத்து வாங்குவது இங்கே நடைமுறை. இப்படி நடக்கும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்றது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது இருக்கிறது. ஆக, சங்கீர்த்தனத் தொட்டி, காவல் நிலையம், இலக்கிய மேடை ஆகிய மூன்று இடத்திலும் நம்மிடம் கேட்கப்படுவது ஒரே காரியம். ஒத்துக்கோ. 'கருக்கு' அதற்கு மறுத்த புத்தகம் என்பது என் வாதம். மறுத்தது மட்டுமல்ல, ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார் என்று விரலை நீட்டிக் காட்டிய புத்தகம்.

அகுஸ்தீனின் இரண்டாம் பாகத்தில் புகழ்பெற்ற பேரிக்காய்த் திருட்டு வருகிறது. 16 வயதில், ராத்திரி, கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளுகிறார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருக்கிறது. தின்றதும் கொஞ்சம்தான், மீதியைப் பன்றிக்குப் போட்டார்கள். ஏன் செய்தேன், ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார். திருட்டில் கிடைத்த பொருளுக்காக அல்ல, திருடுவதன் ருசிக்காகவே திருடினேன் என்று வந்துசேர்கிறார்.

இதைப் பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கம் மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கிற ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். கீழே விழுந்த வடுவைப் பொறுக்கியதற்காகப் பிள்ளைகளைக் காவல்காரன் விரட்டி அடித்த கதை எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அங்கே திருட்டுக்குக் காரணம் தேடி ஆன்மாவுக்குள் இறங்க வேண்டிய தேவை இல்லை. வயிறு வரைக்கும் இறங்கினால் போதும்.

'கருக்கு'வில் ஒரு தேங்காய் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடிய இடத்தில் தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. அதை யாரும் எடுக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் எல்லோர் முன்னாலும் தலைமையாசிரியர் அந்தப் பெண்ணைத் திருடி என்கிறார். சாதியைச் சொல்லித் திட்டுகிறார். பள்ளிக்குள் விடவில்லை. சாமியாரிடம் போய் முறையிட்டால், சேரிப் பிள்ளைதானே, நீ செய்திருப்பாய் என்கிற தோரணையில் பதில் வருகிறது.

திருடின பையன் ஆயராகி, புனிதராகி, தன் திருட்டை உலகத்துக்கே இலக்கியமாகக் கொடுக்க முடிந்தது. திருடாத பெண்ணுக்கு, நீ திருடவில்லை என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. அகுஸ்தீனின் குற்றத்தை அவரைத் தவிர வேறு யாரும் அவர்மேல் சுமத்தவில்லை. அதனால்தான் அவரால் அதை அவ்வளவு அழகாகச் சுமக்க முடிகிறது. சேரியில் பிறந்தால் குற்றம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, தேங்காய் பிறகுதான் விழுகிறது. இப்படிப்பட்டவர் எழுதுகிற 'நான்', பாவத்தை ஒப்புக்கொள்கிற 'நான்' ஆக முடியாது. அது சாட்சிக்கூண்டில் நின்று பேசுகிற 'நான்'. விவிலியத்தில் எபிரேயர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், தேவ வார்த்தையை வாளோடு ஒப்பிடுகிற இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கருக்கு' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறது. பனைமட்டையின் இரண்டு பக்கத்துக் கருக்கும் அதுவும் ஒரே சொல். முழங்கால் போட்டுச் சொல்கிற சொல் இல்லை இது.

இதற்காக அகுஸ்தீனைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேரிக்காய்ப் பக்கங்களில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்கிறார் அவர். கூட்டாளிகள் 'வாடா போவோம்' என்றதும், மாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுப் போனேன் என்கிறார். சாதியைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. 1989இல் போடியில் பார்த்தோம், 1995இல் கொடியங்குளத்தில் பார்த்தோம், 2012இல் தருமபுரி நத்தத்தில் பார்த்தோம். கொடியங்குளத்தில் வந்தது போலீஸ். உள்ளே புகுந்தவர்கள் டிவியையும் தானியத்தையும் சான்றிதழையும் நாசமாக்கினார்களே, பசியா அவர்களுக்கு? காயைப் பறித்துப் பன்றிக்குப் போட்ட அதே ருசிதான். தனியாக ஒருத்தன் வந்து செய்ய மாட்டான். ஒன்றாகச் சேரும்போதுதான் கை நீளும். வீடு திரும்பிய பிறகு, ஏன் செய்தேன் என்று அவர்களில் எவரும் பக்கம் பக்கமாகக் குடைந்ததாகத் தமிழில் ஒரு புத்தகம் வரவில்லை.

அகுஸ்தீனின் கண்ணுக்குத் தெரியாமல் போனவர்களையும் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, அதெயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுக்கொடுத்த பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. அந்தஸ்துக்குத் தக்க இடத்தில் பெண் பார்த்ததும் அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்த பெண்ணுக்கு வயசு வரவில்லை, இரண்டு வருசம் காத்திருக்க வேண்டும். இவரால் அதற்குள் இருக்க முடியாமல் இன்னொருத்தியைத் தேடிக்கொள்கிறார். அவள் பிரிந்தபோது தன் நெஞ்சில் ரத்தம் வடிந்ததை எழுதுகிறார். தன் காமத்தைப் பாவம் என்று எழுதுகிறார். அவளை அனுப்பியதைப் பாவக் கணக்கில் வைக்கவில்லை. 401 வாக்கில் எழுதிய 'திருமணத்தின் நன்மை' என்ற நூலில், தகுதியான இடம் கிடைக்கும்வரை ஒருத்தியை வைத்திருந்து பிறகு கைவிடுகிறவன் மனதில் விபசாரம் செய்தவன் என்று தீர்ப்புச் சொல்கிறார். அங்கே 'நான்' என்று சொல்லவில்லை. எந்தப் பாவத்துக்கு 'நான்' போட வேண்டும், எதற்கு 'ஒருவன்' போட வேண்டும் என்பது மேல்தட்டு ஆண்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

ஒன்பதாம் பாகத்தில் அம்மாவின் கதை. சிறுமி மோனிக்கா பீப்பாயிலிருந்து மது எடுக்கப் போகும்போது திருட்டுத்தனமாகக் குடித்துப் பழகிவிடுகிறாள். கூடப் போகிற அடிமைப் பெண் ஒருநாள் சண்டையில் 'குடிகாரி' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட, அன்றோடு பழக்கம் நிற்கிறது. மகனுக்கு முன்னால் அம்மாவைத் திருத்தியவள் அவள். நன்றி கடவுளுக்குப் போகிறது. அவள் ஆத்திரத்தில் சொன்னாளே ஒழிய நல்லெண்ணத்தில் அல்ல என்று மகன் விளக்கமும் கொடுக்கிறார். அதே பாகத்தில், மோனிக்காவைப் பற்றி மாமியாரிடம் கோள் சொன்ன வேலைக்காரிகளை பத்ரீசியுஸ் சாட்டையால் அடிக்க வைக்கிறார். குடும்பத்தில் சமாதானம் திரும்பியது என்று மகன் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சாட்டை பட்ட முதுகு எந்தச் சங்கீர்த்தனத்திலும் வரவில்லை.

'கடவுளின் நகரம்' என்ற நூலின் 19ஆம் பாகத்தில், அடிமைத்தனம் இயற்கை அல்ல, பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்கிறார். ஆனாலும் அடிமை மனசார ஊழியம் செய்ய வேண்டும் என்கிறார். போன பிறவியில் செய்த வினை என்று நமக்கு ஓதப்பட்ட அதே ராகம், தாளம் மட்டும் வேறே. வயதான காலத்தில் ஹிப்போ துறைமுகத்தில் ஆள்பிடி வியாபாரிகளின் அட்டூழியத்தைக் கண்டு கொதித்து அவர் எழுதிய கடிதம் ஒன்று 1981இல் அச்சாகியிருக்கிறது. அவருடைய சபையார் சுமார் 120 பேரை மீட்டதாக அதில் இருக்கிறது. இதையும் சேர்த்தே சொல்லத்தான் வேண்டும்.

தமிழில் இந்த வகை எழுத்துக்கு முன்னோடியாக எம்.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்தது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை (1827-1900). வைணவ வேளாளர், சாயர்புரத்தில் தமிழாசிரியர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம், 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்'. தான் மனம் மாறிய கதையை உரைநடையிலும் எழுதினார். பாவச் சுமையை இறக்கிவைத்த அந்த யாத்திரிகரின் பெயரிலிருந்து 'பிள்ளை' இறங்கவில்லை. அவருக்கு முந்திய தலைமுறையில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), கோயிலில் பறையர்களையும் வேளாளர்களையும் சேர்ந்து உட்காரச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது வெளியே நடந்தவர்கள் பலர். வகுப்பில் இது ஒன்றும் சொல்லித் தரப்படவில்லை. கம்பராமாயணத்தின் சாயல் எங்கெங்கே விழுகிறது என்பதைத்தான் பரீட்சைக்குப் படித்தோம்.

மதமாற்றம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அளக்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். அகுஸ்தீன் மனம் மாறியபோது, அவர் போய்ச் சேர்ந்த மதம் 380இலேயே பேரரசின் மதமாக அறிவிக்கப்பட்டாகிவிட்டது. அவர் தன் பேச்சுக்கலை வேலையை விட்டார் என்றாலும் அரசு அவருக்கு எதிரி இல்லை. இங்கே 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்துவரான தலித்தைப் பட்டியலிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்துக்கொண்ட ஆணை, கிறித்துவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. கோயிலுக்குள் பறையர், தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்டவர். இந்த இரட்டை வாழ்வின் ஆன்ம சரித்திரத்தை அகுஸ்தீனின் அளவுகோலால் எப்படி அளப்பது?

'கருக்கு'வின் கட்டமைப்பே வேறு. அகுஸ்தீனுக்கு மனமாற்றத்துக்கு முன் இருட்டு, பின் வெளிச்சம். பாமா மடத்துக்குள் போனதும் மனமாற்றம்தான், வெளியே வந்ததும் மனமாற்றம்தான். பயிற்சிக் காலத்திலேயே, தலித் பெண்களைச் சேர்க்காத சபைகள் உண்டு என்பது காதில் விழுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், சேரிச் சனத்துக்குக் கூட்டுமாறு. ஏழைகளுக்காக என்று போனவர் ஏழை யாரென்றே தெரியாத வாழ்க்கைக்குள் அடைபடுகிறார். வெளியே வரும்போது வேலை இல்லை, பிடிப்பு இல்லை. தன் பாவத்தை நினைத்து அல்ல, தான் ஏமாற்றப்பட்டதை நினைத்து நோகிறார். நடை பேச்சுமொழியில் இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அகுஸ்தீன் பேசுவது கடவுளை நோக்கி. 'நீர், உமது' என்று முன்னிலையில் கடவுள் இருக்கிறார், நாம் ஒட்டுக்கேட்கிறோம். பாமா பேசுவது தெருவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம். அந்த ஆள் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது, எழுந்து கூட வர முடியும்.

திருச்சபை ஒப்புக்கொண்டதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் போப் இரண்டாம் ஜான்பால் திருச்சபைப் பிள்ளைகளின் கடந்தகாலப் பாவங்களுக்கு ரோமில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2003இல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. இவற்றிலெல்லாம் 'நாம்' இருக்கிறது, 'திருச்சபை' இருக்கிறது. தேங்காய்க்காக ஒரு குழந்தையைத் திட்டிய மனிதரின் 'நான்' இல்லை. இடையில் 2008 மார்ச்சில் எறையூரில், தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். ஒரே சேசு, ஒரே மாதா, சவம் போகிற பாதை மட்டும் ரெண்டு.

எங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் சிலை கிடையாது. கருவறைக் கதவைத் திறப்பதில்லை, சாத்திய கதவுக்குத்தான் பூசை. அகுஸ்தீனின் 13ஆம் பாகம் தட்டினால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில் முடிகிறது. எறையூர்க்காரர்கள் தட்டிய கதவும் மாதா கோயில் கதவுதான்.