எலும்பைத் தொடாத ஊசி

பாபநாசத்து வயல்களில் தோண்டத் தோண்ட வண்டல்தான். காவிரிப் படுகையின் பழைய கடல்தரையைப் பார்க்கக் கொள்ளிடம் தாண்டி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். காரை கிராமத்தருகே மழைநீர் அரித்த களிமண் மேடுகளில், சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய சுறாப் பற்களும், இக்தியோசர் என்னும் கடல்வாழ் ஊர்வன விலங்கின் முள்ளெலும்புகளும் கிடைத்திருக்கின்றன. இந்த வட்டாரத்து முள்ளெலும்புகளைப் பார்த்துத்தான் ரிச்சர்ட் லிடெக்கர் 1879-ல் ‘இக்தியோசரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்.

அந்த எலும்பைக் கல்லிலிருந்து விடுவிக்கும் கைவேலைதான் என்னை மயக்குவது. எங்கள் பக்கத்து ஊரான சுவாமிமலையில் ஸ்தபதி மண் அச்சை உடைத்துப் படிமத்தை எடுப்பார். உள்ளே இருப்பது அவரே மெழுகில் பிடித்த வடிவம். புதைபடிவத்தைப் பிரிப்பவருக்கோ உள்ளே என்ன வளைவு, எங்கே முறிவு என்று எதுவும் தெரியாது.

இக்தியோசர் முள்ளெலும்பின் இரு முகமும் குழிந்திருக்கும். கல் இறுகிக் கிடப்பது அந்தக் குழியில்தான். நுண்ணோக்கியின் கீழ் ஊசியைச் சாய்த்துப் பிடித்து, துகள் துகளாக எடுக்க வேண்டும். நிறம் லேசாக மாறினாலே கை நின்றுவிட வேண்டும். கெட்டிப் பாறைக்குக் காற்றழுத்தத்தில் அதிரும் சிற்றுளி உண்டு. சுண்ணாம்புக் கல்லானால் நீர்த்த அசிட்டிக் அமிலம்: கால்சியம் கார்பனேட் கரையும், எலும்பின் பாஸ்பேட் பெரும்பாலும் தப்பும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாரி டூம்ஸ் 1940-களில் இதைப் பக்குவப்படுத்தினார். எலும்பு தலைகாட்டியதும் கழுவி, உலர்த்தி, பிசின் பூசி, மறுபடி அமிலம். அமிலத்தில் ஊறிய நேரத்தைவிடத் தண்ணீரில் ஊறும் நேரமே அதிகம். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

கண்ணாடிப் பெட்டிக்காக மெருகேற்றிய எலும்பு எனக்குப் பிடிப்பதில்லை. மெருகில் மேல்தோல் போய்விடுகிறது; சேதி இருப்பது அங்கேதான். கச்சில் லோடை அருகே கிடைத்த, சுமார் 5.5 மீட்டர் நீள ஜுராசிக் காலத்து இக்தியோசரைப் பற்றி டெல்லிப் பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத் குழுவினர் 2017-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பற்களில் இருந்த தேய்மானத்தை வைத்தே அது கடினமான இரையைக் கடித்துத் தின்றது என்று சொன்னார்கள். ஊசி ஒரு சுற்று கூடுதலாகச் சுரண்டியிருந்தால் அந்தத் தடம் அழிந்திருக்கும்.

எலும்பின் வெடிப்புக்குள் ஜிப்சம் புகுந்திருந்தால், இழுக்கும்போது எலும்பும் சேர்ந்து சிதறும். தேர்ந்த கை அங்கே ஜிப்சத்தை அப்படியே விட்டுவிட்டு, துண்டை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும்.