பாவித்த ரயரின் வயது

பாவித்த ரயர் வாங்கப் போகிறவர் தவாளிப்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஆழம் இருந்தால் பேரம் தொடங்கும். எங்கள் தொண்டைமானாற்றுக்காரரும் இதற்கு விலக்கல்ல. அந்த விரல் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

பாவித்த ரயர் வாங்கும் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. கிடைத்ததை ஒட்டிப் பாவிப்பது எங்கள் கைக்குப் பழகிய வேலை. பிறகு 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது புது ரயர் பலருக்கு எட்டாப் பொருளாகியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒழுங்காக ஓடிய இரண்டு வருட ரயர், கடை வாசல் வெயிலில் எட்டு வருடம் கிடந்த 'புது' ரயரைவிட நம்பகமானது.

ஆனால் அது இரண்டு வருட ரயர்தான் என்பதற்கு யார் சாட்சி? றப்பர் தேய்ந்து மட்டும் சாவதில்லை. ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் அதை இறுக வைக்கின்றன. வெடிப்பைத் தடுக்கச் சேர்த்த மருந்து, சக்கரம் உருளும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். வெளிநாட்டில் இருப்பவரின் கார் கொட்டிலில் வருடக்கணக்காக நின்றால் தவாளிப்பு அப்படியே இருக்கும், ரயர் கெட்டுவிடும். அதைத்தான் 'ஓடாத ரயர்' என்று பெருமையாக விற்கிறார்கள். எனக்கு இந்தப் புகழுரையில்தான் அதிகம் பயம்.

கடற்காற்று வேறு. உப்பு றிம்மின் விளிம்பை அரித்தால் காற்று மெல்ல இறங்கும். காற்றுக் குறைந்த ரயர் ஓட்டத்தில் சூடேறும். சூட்டில் உள்ளிருக்கும் உருக்குப் பட்டி கழன்றுவரும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, அரிசோனா, ரெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களிலேயே விபத்துகள் மிகுந்திருந்தன. எங்கள் வெயிலும் குறைந்ததல்ல.

சந்நிதி கோயிலுக்கும் சந்தைக்கும் மெதுவாக ஓடும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆளும் பெட்டியுமாக இரவோடு இரவாக 400 கிலோமீற்றரளவு ஓடும்போதுதான் தெரியும்.

பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டின் விதிகளின்படி, விற்பனைக்கு வரும் பாவித்த ரயரில் குறைந்தது 2 மில்லிமீற்றர் தவாளிப்பு இருக்க வேண்டும். பாவித்தது என்ற முத்திரையும் வேண்டும். அங்கும் விதிக்கு ஒவ்வாதவை அகப்படுகின்றன. சட்டம் இருந்தாலும் வாங்குபவரின் கண் தேவைப்படுகிறது.

அந்தக் கண் பார்க்க வேண்டியது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களை. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஐந்து தாண்டியதை வருடாவருடம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பூட்டும்போது நல்ல இரண்டும் பின்னுக்குப் போகட்டும். முன்னுக்குப் போடுவது பலரின் வழக்கம், ஆனால் மார்கழி மழையில் பின்சக்கரம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கடினம். றிம்மில் பூட்டிய ரயரானால் கழற்றச் சொல்லி உட்புறத்தைத் தடவிப் பாருங்கள்: பக்கச் சுவரில் ஒட்டு, ரியூப் இல்லாத ரயருக்குள் ஒளித்து வைத்த ரியூப், எல்லாம் அங்கேதான் இருக்கும். கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.