மெய்க்கு நடுவே ஓர் உயிர்

செஞ்சி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. கணக்கு பசலி ஆண்டில்தான்; பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு. ஜமாபந்தி நாள்களில் அங்கே சற்று நேரம் காது கொடுத்தால் அசல், நகல், வசூல், பாக்கி, வாரிசு, ஷரத்து, ரத்து, ஆஜர் எல்லாம் வந்து விழும். அத்தனையும் அரபு வேர்ச்சொற்கள். மனு எழுதிக்கொண்டு வந்த விவசாயிக்கு அவை அயல்மொழி என்ற நினைப்பே கிடையாது.

செஞ்சிக் கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தானகத்தின் கைக்குப் போனது. 1677இல் சிவாஜி பிடித்தார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கானின் நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் வசமானது. செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு 1714இல் வீழ்ந்த பிறகு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் கோட்டைக்குள் எழுந்த பள்ளிவாசல் 1717-18ஐச் சேர்ந்தது. ஆட்சிகள் மாறினாலும் வரிக்கணக்கின் சொற்கள் பாரசீகத்தின் தோளேறி வந்த அரபாகவே இருந்தன.

அரபு மூலத்தில் 'அஸ்ல்', 'நக்ல்', 'பஸ்லி'. தமிழ் நாக்கு இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை நுழைத்து அசல், நகல், பசலி ஆக்கியது. தக்கனி உருதுப் பேச்சிலும் 'அஸ்ல்' இப்படி உடைவதுண்டு என்பதால், பாதி வேலை வழியிலேயே முடிந்திருக்கலாம். மிச்சத்தைத் தமிழ்தான் செய்தது. லகரம் தமிழில் சொல்லை முடிக்கும். ஆகவே அசல் அத்தோடு நின்றுவிட்டது. வல்லினம் முடிக்காது, ஆகவே 'ரத்' என்பது ரத்து, 'தாகீத்' என்பது தாக்கீது. ஈற்றில் ஒட்டிய உகரம் நம் குற்றியலுகரமேதான்.

என்னை மிகவும் கவர்ந்த சொல் ஷரத்து. மூலம் 'ஷர்த்'. ஈற்றில் உகரம் சேர்த்து 'ஷர்த்து' என்று விட்டிருக்கலாமே? தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது என்பது தொல்காப்பியம் கண்ட விதி. வேர், நீர் உண்டு. குறிலோடு அப்படி ஒரு தமிழ்ச்சொல் கிடையாது. எனவே ரகரத்துக்கும் ஓர் உயிர் கிடைத்தது. இலக்கணம் படிக்காத கணக்கர்களின் வாய் இச்சொல்லில் இந்த விதியைக் காத்திருக்கிறது. இலக்கணம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

இதைத் தமிழின் 'சிதைப்பு' என்று சொல்வோர் அரபு வட்டார வழக்குகளைக் கேட்க வேண்டும். 'அவனிடம் சொன்னேன்' என்பதை அரபில் சொல்லும்போது மூன்று மெய்கள் அடுத்தடுத்து நெருக்குகின்றன. கெய்ரோவில் இரண்டாம் மெய்க்குப் பின் உயிர் சேர்த்து 'உல்திலு' என்பார்கள். ஈராக்கில் முதல் மெய்க்குப் பின் சேர்த்து 'கிலித்லா' என்பார்கள். மொராக்கோவில் உயிர் சேர்க்காமலே மூன்றையும் அடுக்கிவிடுவார்கள். மொழியியலாளர் எலன் பிரோஸ்லோ 1980களில் இதை ஆராய்ந்தார். பால் கிபார்ஸ்கி 2003இல் அரபு வழக்குகளை இந்த அசையமைப்பை வைத்தே மூன்று வகையாகப் பிரித்தார். (இங்கே அசை என்பது ஓர் உயிரைச் சுற்றிய ஒலித்துண்டு; இரண்டு உயிர் கொண்ட யாப்பின் நிரையசையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) அரபு தன் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டதைத்தான் தமிழும் செய்தது, தன் விதிப்படி.

செஞ்சியின் அரபு ஒரே வழியில் வந்ததன்று. பாரசீகமும் உருதும் அரபின் 'ளாத்' எழுத்தை ஸகரத்தின் அதிர்வொலியாக உச்சரிக்கும்; அது தமிழில் ஜகரமானது. 'ஹாளிர்' ஆஜர் ஆனதும் ரமளான் ரம்ஜான் ஆனதும் அப்படித்தான். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்களோ அரபைக் கடல்வழியாக நேரே பெற்றவர்கள். அரபெழுத்தில் தமிழ் எழுதிய அர்வியை வளர்த்தவர்கள். அவர்கள் வாயில் அந்த எழுத்து ளகரம்: ரமளான், பர்ளு (கட்டாயக் கடமை), ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்). உருது பேசும் வீட்டில் இதே சொற்கள் ரம்ஸான், பர்ஸ், வஸு.

பர்ளுவில் தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று நிற்பதைக் கவனியுங்கள். அலுவலகச் சொல்லான ஷரத்துக்கு விதி பொருந்தியது. தொழுகைச் சொல்லுக்குப் பொருந்தவில்லை. ஓதும் சொல்லை மூலத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் அக்கறை அது.

தைக்கா ஷுஐப் ஆலிமின் 1993ஆம் ஆண்டு நூல் அர்வி இலக்கியத்தை விரிவாகத் தொகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மூலமொழியைக் குறிக்கும். ஒலி நடந்து வந்த தடத்தைச் சொல்வது அதன் வேலையன்று. அந்தத் தடம் பேசுவோர் நாவில்தான் கிடக்கிறது. செஞ்சியில் ஒரே தெருவில் ஒரு பெரியவர் 'ஒளு செஞ்சிட்டு வர்றேன்' என்பார், எதிர்வீட்டுக்காரர் 'வஸு' என்பார். ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போய் உட்கார வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.