மூன்று விநாடிக் காவல்

அசோசியேட்டட் பிரஸ் ஆண்டுதோறும் வழங்கும் என்.எஃப்.எல். என்ற அமெரிக்க ஃபுட்பால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது 1982இல் மார்க் மோஸ்லிக்குப் போனது. மோஸ்லி ஓர் உதைப்பாளர். ஆட்டத்தில் நாலைந்து முறை மைதானத்துக்குள் வந்து, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பிவிட்டு, சட்டையில் மண் படாமல் பெஞ்சுக்குத் திரும்புகிறவர். அதே வருடம் அதே வாஷிங்டன் அணியில், லைன் பயிற்சியாளர் ஜோ பியூகல் தன்னுடைய கனத்த சீடர்களுக்கு ‘ஹாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பன்றிகள் என்று அர்த்தம். அவர்கள் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பன்றிகள் முட்டித் தள்ளித் திறந்துவிட்ட வழியில்தான் அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றது. விருது மட்டும் உதைத்தவருக்கு. இன்றுவரை பந்தை வைத்திருக்கும் அணியின் லைனில் நிற்கிறவர் ஒருவர்கூட அந்த விருதை வாங்கியதில்லை.

அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களின் சண்டையெல்லாம் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான். மான்டனாவா பிராடியா, மேனிங்கா மஹோம்ஸா? ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.ஐ.பி. போன்ற வானொலிகளில் திங்கட்கிழமை காலை தொடங்குகிற வாக்குவாதம் அடுத்த ஞாயிறுவரை ஓயாது. நானும் அந்தச் சண்டைகளை ரசிப்பவன்தான். கொஞ்ச நேரம் காதுகொடுத்தால் போதும், எந்த வாதமும் நாலாவது வாக்கியத்தில் லைனில் வந்து முட்டிக்கொள்ளும். “அவனுக்கு முன்னால் நின்றது யார் என்று பார்த்தாயா?” என்று ஒருவர் கேட்பார். அங்கிருந்துதான் பேச்சு சூடு பிடிக்கிறது.

லைன் என்றால் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். சட்டைக்குப் பின்னால் ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பதுக்குள் ஓர் எண். முன்னோக்கி வீசும் பாஸைப் பிடிக்க விதி இவர்களை அனுமதிப்பதில்லை. சென்டர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தருவார், அதுதான் ஸ்னாப். குவார்ட்டர்பேக் வாங்கிக்கொண்டு பின்வாங்குவார். ஐவரும் அவரைச் சுற்றி வளைந்து ஒரு குழி உண்டாக்குவார்கள். அதுதான் பாக்கெட். இரண்டரை, மூன்று விநாடி அந்தக் குழி உடையாமல் இருந்தால் பந்து பறக்கும், அரங்கம் எழுந்து நிற்கும், கேமராவும் பந்தோடு போய்விடும். ஐவரும் என்ன செய்தார்கள் என்பது தொலைக்காட்சிக்குத் தெரியாது. ‘ஆல்-22’ என்ற பயிற்சியாளர் படத்தில், அதிலும் மைதானத்தின் முனையான எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்தில் வைத்த கேமராவில், பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள், எண் 73, ஜோ தாமஸ். 2007இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் லீகின் முதல் சுற்றுத் தேர்வு நடந்த நாளில் நியூயார்க் மேடைக்கு வராமல், அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். ஆட்டமும் அப்படித்தான், அவசரமே இருக்காது. ஸ்னாப் ஆனதும் உள்காலை ஊன்றி வெளிக்காலைப் பின்னால் சறுக்குவார். பிறகு உள்கால் பின்தொடரும். கால்கள் ஒருபோதும் ஒன்றையொன்று தாண்டாது. முதுகு நேர், இடுப்பு தாழ்வு, முழங்கைகள் விலாவை ஒட்டி, கைகள் நெஞ்சுக்கு முன்னால். 140 கிலோ உடம்பு, பின்னோக்கி நகர்கிறது. எதிரே ஓடி வருபவனோ முன்னோக்கி, முழு வேகத்தில். முதலில் கை நீட்டுகிறவன் தோற்பான் என்று தோன்றும். சீக்கிரம் நீட்டினால் வருகிறவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே நழுவுவான். தாமதமானால் மார்பில் மோதித் தூக்கிவிடுவான். தாமஸ் காத்திருப்பார். எதிராளி ஒரு முடிவுக்கு வந்த அந்தக் கணத்தில் உள்ளங்கை நெஞ்சில் பதியும். அவ்வளவுதான், வந்த வேகமெல்லாம் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஒரு வெற்று வட்டமாகப் போய் முடியும். பார்க்கிறவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். நல்ல லைன் ஆட்டத்தின் லட்சணமே அதுதான்.

தாமஸ் இப்படித் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் ஆடினார். 2007இல் முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபரில் கைத்தசை கிழிந்து விழுந்த நாள்வரை ஒரு ஸ்னாப்புக்குக்கூட வெளியே உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற குவார்ட்டர்பேக்குகள் சுமார் இருபது பேர். ஒருவரும் தேறவில்லை, பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே தாமஸ் ஓய்வு பெற்றார். லைனே எல்லாம் என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்களுக்கு எதிராக வைக்கக்கூடிய முதல் சாட்சி, என் அபிமான ஆட்டக்காரரேதான் என்பது கொஞ்சம் சங்கடம். சமாதானமும் இருக்கிறது: ஐந்து பேரில் ஒருவர் மேதையாக இருந்து பயனில்லை. எதிரணி ‘ஸ்டண்ட்’ செய்யும்போது அது புரியும். வெளியே நிற்பவன் திடீரென்று உள்ளே பாய்வான், உள்ளே நின்றவன் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவான். டேக்கிள் தன் ஆளைத் துரத்திக்கொண்டு போனால் தொலைந்தது. அவனைக் கார்டின் கையில் ஒப்படைத்துவிட்டு, இன்னும் கண்ணில் படாத இன்னொருவனுக்காக வெறும் இடத்தில் நிற்க வேண்டும். பேச நேரம் கிடையாது. இடுப்பு இடிபடும் விதத்தில் பக்கத்தில் இருப்பவனின் மனசு தெரிய வேண்டும். இந்தக் கலையில் தனி ஆவர்த்தனம் கிடையாது.

லைன் பக்க வாதத்துக்கு எப்போதும் முதலில் இழுக்கப்படுகிறவர் டேவிட் கார். 2002இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, அந்த வருடத் தேர்வின் முதல் ஆளாக அவரை எடுத்தது. அவரைக் காக்க டோனி போசெல்லி என்ற அருமையான டேக்கிளை ஜாக்சன்வில்லிலிருந்து முன்கூட்டியே வாங்கியும் வைத்திருந்தது. தோள் காயத்தால் போசெல்லி ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் பருவத்தில் மட்டும் கார் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்து கையில் இருக்கும்போதே தரையில் வீழ்த்தப்பட்டார். லீகின் வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் அதிகம் அதுதான். அப்படி அடிபட்ட குவார்ட்டர்பேக்கின் கண், மைதானத்தின் தூரத்தை விட்டுவிட்டுத் தன்னைச் சுற்றியே அலையும். பிற்பாடு நல்ல லைன் கிடைத்தாலும் அந்தக் கண் லேசில் திரும்புவதில்லை. போசெல்லியின் தோள் நன்றாக இருந்திருந்தால் கார் யாராகியிருப்பார் என்று ஹூஸ்டனில் இன்னும் கேட்கிறார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.

பிராடியின் புகழ் யாருக்குச் சேரும், அவருக்கா பயிற்சியாளர் பெலிச்சிக்குக்கா என்பது அடுத்த பிரசித்தமான வழக்கு. பந்தில் காற்றைக் குறைத்தார்கள் என்று பிராடிக்கு நாலு ஆட்டம் தடை விதித்து நீதிமன்றம்வரை போன தகராறும் இந்த வழக்கின் ஓரத்தில் வரும். எனக்கு அதில் சுவாரஸ்யம் இருந்ததே இல்லை. நான் மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்ப்பேன்: டான்டே ஸ்கார்னெக்கியா, அதே அணியின் லைன் பயிற்சியாளர். அவர் ஓய்வில் இருந்த 2015 பருவத்தின் கடைசியில், டென்வர் மைதானத்தில் பிராடி ஓயாமல் அடிவாங்கினார். அணி 20-18 என்று தோற்றது. ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்துவந்தார்கள். அடுத்த பருவத்தில் 28-3 என்று பின்தங்கியிருந்த சூப்பர் பௌலை 34-28 என்று ஜெயித்தார்கள். அவர் இல்லாத 2014 பருவத்திலும் கோப்பை வந்ததே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். என் கட்சியை நிரூபிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை.

நிரூபணத்துக்குப் பக்கத்தில் வருவது பேட்ரிக் மஹோம்ஸின் கதை. 2021 பிப்ரவரியில் டாம்பா பே அணிக்கு எதிரான சூப்பர் பௌலுக்கு, கான்சாஸ் சிட்டியின் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. ஸ்னாப்புக்கும் வீச்சுக்கும் இடையில் மஹோம்ஸ் உயிர் பிழைக்க ஓடிய தூரம் மட்டும் 497 யார்டு. ஒரு கட்டத்தில், தரைக்குச் சமமாக விழுந்துகொண்டே, நீட்டிய உடம்போடு எண்ட் ஸோனை நோக்கிப் பந்தை வீசினார். அது சகாவின் முகமூடியில் பட்டுக் கீழே விழுந்தது. மேதையின் உச்சம், ஒரு புள்ளிக்கும் உதவவில்லை. 31-9 தோல்வி. உடனே ஐந்து பேரையும் மாற்றினார்கள். இரண்டே வருடத்தில், பருவம் முழுக்க 70 சாக் எடுத்த ஃபிலடெல்ஃபியாவை அதே மஹோம்ஸ் சூப்பர் பௌலில் சந்தித்தார். அன்று ஒரு சாக்கூட இல்லை, 38-35, கோப்பை. இன்னும் இரண்டு வருடம் கழித்து அதே ஃபிலடெல்ஃபியா, கூடுதலாக ஒருவனைக்கூட உள்ளே பாயவிடாமல், முன்னால் நின்ற நாலு பேரை வைத்தே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. இந்த மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதர் மூன்று வெவ்வேறு ஆட்டக்காரர்களாகத் தெரிவார்.

வாஷிங்டன் பன்றிகளின் கதை இதற்குத் தலைகீழ். பயிற்சியாளர் ஜோ கிப்ஸின் காலத்தில் மூன்று சூப்பர் பௌல் வெற்றி, மூன்று வேறு குவார்ட்டர்பேக்: தைஸ்மன், டக் வில்லியம்ஸ், ரிப்பியன். 1988 ஜனவரியில் டென்வருக்கு எதிராக இரண்டாவது கால்பகுதியில் மட்டும் 35 புள்ளி. சூப்பர் பௌல் ஜெயித்த முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் என்று வில்லியம்ஸின் பெயர் நின்றது, நியாயமாகவே நின்றது. அன்று பந்தோடு ஓடிய டிம்மி ஸ்மித் என்ற புது ஆளை யாருக்கு நினைவிருக்கிறது? 204 யார்டு ஓடினார். அது சூப்பர் பௌல் சாதனை. அதன் பிறகு அவர் காணாமலே போனார். அந்த 204 யார்டில் எவ்வளவு ஸ்மித்துடையது, எவ்வளவு லைனில் நின்ற ஜோ ஜேகபியுடையது, மற்றப் பன்றிகளுடையது என்று பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. அந்த ஊர் ரசிகர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. மீசை வைத்த ஆண்கள் பாவாடை சட்டை அணிந்து, பன்றி மூக்கு மாட்டிக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். லைனுக்கு என்று ரசிகர் மன்றம் வைத்த ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் கெட்டியானது ஒன்று உண்டு. சாக் என்பது லைனின் தோல்வி மட்டுமல்ல. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு விநாடி யோசிக்கிறவனை எந்த ஐவராலும் காப்பாற்ற முடியாது. பேட்டன் மேனிங் இண்டியானாபொலிஸிலிருந்து டென்வருக்குப் போனபோது முன்னால் நின்ற ஐந்து பேரும் மாறினார்கள். அவர் விழுவது மட்டும் அங்கேயும் அபூர்வமாகவே இருந்தது. ஸ்னாப்புக்கு முன்பே எதிரணியைப் படித்துவிட்டு, பந்தைச் சட்டென்று கைமாற்றிவிடுவார். அவரும் லைனில் ஆறாவது ஆள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வது வழக்கம்.

லைன் சம்பந்தப்பட்ட தகராறுகளில் ‘ஹோல்டிங்’ நிரந்தரமானது. எதிராளியின் நெஞ்சுப் பரப்புக்குள் கை இருக்கும்வரை நடுவர் கண்டுகொள்வதில்லை. தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் பத்து யார்டு அபராதம். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது எல்லா ரசிகர்களுக்கும் தெரியும். எதிரணிக்காரன் பிடிப்பது மட்டும்தான் கண்ணில் படும்.

புதிய தகராறு ‘டஷ் புஷ்’. ஒரு யார்டு மட்டும் தேவைப்படும்போது ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ் சென்டருக்குப் பின்னால் குனிந்து நிற்பார். பின்னாலிருந்து இருவர் அவரை நெட்டித் தள்ளுவார்கள். அநேகமாகத் தப்பாது. இது ஃபுட்பாலே இல்லை, தடை செய்யுங்கள் என்று கிரீன் பே அணி தீர்மானம் கொண்டுவந்தது. 2025 மே மாதம் 32 அணிகளில் 22 தடைக்கு ஆதரவு, 10 எதிர்ப்பு. 24 தேவைப்பட்டதால் தீர்மானம் விழுந்தது. ஜேசன் கெல்சி, அந்த உத்தி உருவான காலத்துச் சென்டர், ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கூட்டத்துக்கு நேரில் போயிருந்தார். நாலாவது தடவை பார்க்கும்போது எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் திட்டுவது பின்னாலிருந்து தள்ளுகிறவர்களை. முன்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சென்டரும் இரு கார்டுகளும் எதிராளிகளின் அடியில் புகுந்து அவர்களை நிமிர்த்துவதில்தான் அந்த ஆட்டம் ஜெயிக்கிறது. தள்ளுகிறவர்கள் மற்ற அணிகளிலும் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஏன் இது இத்தனை சுலபமாக வருவதில்லை?

அந்த ஒரு யார்டுக்கு அதே கிரீன் பே ஊரில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1967 டிசம்பர் 31, டல்லாஸுக்கு எதிரான சாம்பியன்ஷிப் ஆட்டம், சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிர். தரைக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் அமைப்பு வேலை செய்யாமல் போக, மைதானம் கல்லாக உறைந்திருந்தது. கிரீன் பே 17-14 என்று பின்தங்கியிருந்தது. 16 விநாடி பாக்கி. குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் யாரிடமும் பந்தைத் தராமல் தானே வைத்துக்கொண்டு, கார்டு ஜெரி கிராமருக்குப் பின்னால் விழுந்து கோட்டைத் தாண்டினார். தொலைக்காட்சி அந்தத் தடுப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது. ஒரு கார்டுக்கு அப்படி நேர்ந்தது அபூர்வம். கிராமர் புத்தகம் எழுதினார், புகழ் பெற்றார், 2018இல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்ந்தார். ஆனால் எதிரே நின்ற ஜெத்ரோ பியூ என்ற டல்லாஸ்காரரைப் பெயர்த்தது ஒருவர் அல்ல, இருவர். கூட இருந்தவர் சென்டர் கென் போமன். பாதிக்கு மேல் அவர் வேலைதான் என்று சொல்கிற கிரீன் பே ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். டல்லாஸ் ரசிகர்களைக் கேட்டால் இரண்டு பேருக்கும் பெயர் தர மாட்டார்கள். ஸ்னாப்புக்கு முன்பே கிராமர் அசைந்துவிட்டார், அது ஃபவுல் என்பார்கள்.