இரவல் முகமூடியும் சூடிய மாலையும்

சூப்பர்ஹீரோ கதை ஒன்றில் நாயகனுக்கு ஆற்றல் எப்படி வந்தது என்பது முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிடும். அந்த ஆற்றல் அவனுக்குப் பிறகு யாரிடம் போகிறது என்பதில்தான் கதையை எழுதியவர்களின் மனம் தெரியும். கடந்த எழுபது ஆண்டுகளில் சித்திரக்கதையிலும் திரைப்படத்திலும் பெண் வாரிசுகள் ஒரு நீண்ட வரிசையாக வந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்களிடம் வந்த பொருளுக்கு உரிமையாளர்கள், எத்தனை பேர் உரியவர் திரும்பி வரும்வரை வைத்திருக்கும் காவல்காரர்கள் என்று பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை தரும் மகிழ்ச்சி குறைந்துவிடும். இப்படிப் பிரிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு மூலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தமிழில் முகமூடி வீரர்களை அச்சிட்டுத் தந்த சிவகாசி, வளர்ப்புத் தந்தையின் பாட்டையும் பணியையும் பெற்று அவற்றை வேறொன்றாக்கிய ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர், அவள் கதையைத் தெலுங்கிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த அறிஞரின் ராஜபாளையம் ஆகிய மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன.

சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984-இல் அதே குடும்பத்திலிருந்து வந்த லயன் காமிக்ஸ் தன் முதல் இதழுக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற அந்த இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி, பீட்டர் ஓ'டானல் 1963-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகப் படைத்த பாத்திரம். ஊரும் பேரும் தெரியாத அகதிச் சிறுமியாக அலைந்து, தன் குடும்பப் பெயரைக்கூடத் தானே அமைத்துக்கொண்டவள் அவள். யாருடைய வாரிசும் அல்ல. தமிழ் வாசகர் கையில் புரண்ட வாரிசுக் கதைகளோ பெரும்பாலும் தந்தை வழியில் ஓடியவை. டெக்ஸ் வில்லருக்குப் பக்கத்தில் குதிரையில் வருபவன் அவர் மகன் கிட். வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழில் அறியப்பட்ட, லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய முகமூடி வீரரின் கதையில் இந்த வழியே சட்டமாகிவிட்டது. தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது முதல் வேதாளர் சத்தியம் செய்கிறார். தனக்குப் பின் தன் மகன்கள் இப்பணியைத் தொடர்வார்கள் என்பது அந்தச் சத்தியத்தின் ஒரு பகுதி. நாம் அறிந்தவர் அந்த வரிசையில் 21-ஆவது ஆள்.

இந்த வரிசையில் ஒரு முறை முகமூடி பெண்ணிடம் போனது. 1952-இல் வந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடரில், 17-ஆவது வேதாளர் செயல்பட முடியாமல் போனபோது அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி அந்த உடையை அணிந்து காட்டைக் காக்கிறாள். வீரத்தில் அவளுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை ஃபாக். ஆனாலும் வரிசை எண் அவளுக்குக் கிடைக்கவில்லை. சகோதரன் எண் 17, அவன் மகன் எண் 18, நடுவே நின்றவளுக்கு எண்ணே இல்லை. சத்தியத்தின் வாசகமே மகன்களை மட்டும் குறித்தபின் ஜூலி எவ்வளவு திறமை காட்டினாலும் அவள் பதில் ஆள்தான். முகமூடி அவளிடம் இரவலாக வந்தது, இரவலாகவே திரும்பிப் போனது.

அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கதைகளில் இந்த இரவலுக்கு வேறு வடிவங்கள் உண்டு. 1959-இல் சூப்பர்மேனின் உறவுக்காரியாக அறிமுகமான சூப்பர்கேர்ளுக்கு அவனுக்குள்ள ஆற்றல்கள் அனைத்தும் இருந்தன. ஆயினும் அவனுடைய ரகசிய ஆயுதமாக, ஓர் அநாதை இல்லத்தில் ஒளிந்தபடி, 1962 வரை உலகுக்குத் தெரியாமல் இருக்கவேண்டியிருந்தது. 1980-இல் வந்த ஷீ-ஹல்க் பிறந்ததற்குக் காரணம் வணிகம். தொலைக்காட்சிக்காரர்கள் முந்திக்கொண்டு பெண் ஹல்க் ஒன்றை உருவாக்கி உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று மார்வெல் அவசரமாக அவளைப் படைத்தது. கதைக்குள் அவள் ஆற்றலைப் பெறுவது அண்ணன் முறையானவன் தந்த ரத்தத்தால். கதைக்கு வெளியே அவள் ஒரு காப்புரிமை வேலி. 2009-இல் ஷூரி பிளாக் பாந்தர் ஆனதும், 2014-இல் புற்றுநோயோடு போராடிய ஜேன் ஃபாஸ்டர் தோரின் சுத்தியலைத் தூக்கியதும் இவற்றைவிட ஆழமான கதைகள். சுத்தியலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஜேனின் உடலில் ஏறிய மருந்து பயனற்றுப் போகிறது என்ற விதி, வாரிசுரிமைக்கு விலை உண்டு என்பதை அழுத்தமாகச் சொன்னது. இருந்தும் இருவர் கதையிலும் பழைய உரிமையாளர் திரும்பி வந்தார், பட்டம் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதை இதிலிருந்து முதல் அடியிலேயே விலகுகிறது. ஆண்டாள் பெரியாழ்வாருக்குப் பிறந்தவள் அல்லள். நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கண்டெடுக்கப்பட்டவள் என்றே மரபு சொல்கிறது. ரத்தம், இரட்டைப் பிறவி, குலம் என்று மேலே கண்ட கதைகள் வாரிசுக்குக் காட்டும் தகுதிகள் எவையும் அவளுக்கு இல்லை. அவள் பெற்றது அன்றாட வேலை: பூப் பறிப்பது, மாலை கட்டுவது, கட்டும்போதே பாட்டுக் கேட்டுப் பழகுவது. பெரியாழ்வாரின் 473 பாசுரங்களில் யசோதையின் குரல் ஓங்கி நிற்கிறது. கடவுளைக் குழந்தையாக்கித் தாலாட்டுகிறார். அந்தக் கடவுளுக்கே கண்பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடுகிறார். மகள் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என்று பாடியபோது கண்ணனும் ஆயர்பாடியும் தந்தை தந்தவையாகவே இருந்தன. உறவு மட்டும் தலைகீழாகிவிட்டது. காப்பாற்ற நினைத்த தாயின் இடத்தில் கேட்டுப் பெற வந்த பெண் நிற்கிறாள். தந்தை பெண்குரலை வரித்துக்கொண்டு பாடியதை அவள் தன் குரலாகவே பாடினாள். அவள் போட்டுக்கொண்ட வேடம் வேறு. வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் தன்னை இடைப்பெண்ணாகவும் பாவித்தாள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். பதிகங்களை முடிக்கும்போது தன்னைப் பட்டர்பிரான் என்ற பெரியாழ்வாரின் மகளாகவே சொல்லிக் கையெழுத்திடுகிறாள். யாரிடமிருந்து பெற்றேன் என்பதை மறைக்கவில்லை.

மாலைக் கதைக்கு வருவோம். இறைவனுக்குரிய மாலையை அவள் முதலில் சூடிப் பார்த்ததைத் தந்தை குற்றமாகக் கண்டார், வேறு மாலை கட்டினார். இறைவனோ அவள் சூடியதையே கேட்டான் என்பது மரபு. இந்த நிகழ்ச்சியின் கூர்மை பக்தியோடு நின்றுவிடவில்லை. ஒரு பொருளைப் பெண் பயன்படுத்தினாள் என்பது முதலில் அதன் குறையாக இருந்தது, பிறகு அதுவே அதன் மதிப்பாகிவிட்டது. இன்றும் புரட்டாசியில் திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை போகிறது. அது ஆண்டாள் சூடிய மாலை என்பதாலேயே போகிறது. கோயிலின் கதையும் இதுதான். மூலக்கோயில் வடபத்ரசாயிக்குரியது, பாண்டியன் அவையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு ராஜகோபுரத்தை எழுப்பியவர் பெரியாழ்வார் என்பது ஐதீகம். ஆனால் பேருந்தில் ஏறுகிறவர் கேட்பது ஆண்டாள் கோயிலுக்குத்தான். அளவுகோல் இங்கே கிடைத்துவிடுகிறது: வாரிசு கையாண்டபின் பொருள் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போகவேண்டும், தந்தவரையே பெற்றவரின் பெயரால் உலகம் அறியவேண்டும். ஜூலிக்குப் பிறகு வேதாளரின் முகமூடி எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆண்டாளுக்குப் பிறகு மாலை அப்படி இல்லை.

இந்தக் கதை எழுத்தில் பயணப்பட்ட விதமும் கவனிக்கத் தக்கது. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யத' தன் தலைப்பிலேயே சூடிக்கொடுத்தவளை வைத்திருக்கிறது. ஆறு ஆசுவாசங்கள் கொண்ட அந்தக் காவியத்தில் கோதை என்ற ஆண்டாள் வருவதோ ஐந்தாவதில்தான். முன்பகுதி முழுவதும் விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார், பாண்டிய அவை, யாமுனாச்சாரியர் என்று ஆண்களின் வரலாறு. தலைப்பைப் பெண்ணுக்குக் கொடுத்துப் பக்கங்களை மற்றவர்களுக்குக் கொடுக்கும் இந்த வழக்கம் இன்றைய திரைப்படச் சுவரொட்டிகளிலும் தெரிந்ததுதான். விஜயநகரக் காலத்தோடு தம் குடியேற்றத்தைத் தொடர்புபடுத்தும் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வாழும் ராஜபாளையத்தில், பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா இந்தக் காவியத்தைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். வில்லிபுத்தூரில் பிறந்த கதை ஒரு பேரரசரின் மொழிக்குப் போய், பக்கத்து ஊர்க்காரர் கையால் வீடு திரும்பியது. போகும்போது பாடியவளின் கதையாக இருந்தது, திரும்பும்போது ஓர் அரசரின் காவியத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

அண்மைக்காலப் படைப்புகளில் இந்த அளவுகோலுக்கு மிக நெருங்கி வருபவள் கமலா கான். நியூ ஜெர்சியில் வளரும் பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமி. 2014-இல் தனித்தொடர் பெற்றாள். கரோல் டான்வர்ஸ் விட்டுச்சென்ற மிஸ் மார்வெல் என்ற பெயரை அவள் எடுத்துக்கொள்கிறாள். ஆற்றல் வந்தவுடன் பொன்னிறக் கூந்தல் கொண்ட கரோலின் உருவமாகவே மாறிப் பார்க்கிறாள். அது தனக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டு, தன் நீச்சலுடையான புர்கினியை வெட்டித் தைத்து வீர உடையாக்குகிறாள். 2022-இன் தொலைக்காட்சித் தொடர் அவளுக்குக் கொள்ளுப்பாட்டியின் வளையலைத் தந்து, 1947-இன் பிரிவினை வரை கதையைக் கொண்டுபோயிற்று. மலையாளத்தில் 2025-இல் வந்த 'லோகா' கள்ளியங்காட்டு நீலியின் கதையை மரபுச் சொத்தாக எடுத்து, அச்சுறுத்தும் யட்சியைக் காக்கும் நாயகியாக்கியது. தமிழில் 'வேலாயுதம்' (2011) நேர்மாறான பாதையில் போனது. அதில் வீரனைக் கற்பனை செய்து எழுதியவள் ஒரு பெண் பத்திரிகையாளர். அந்தக் கற்பனையை அணிந்து நடந்தவன் ஆண். படைத்தவளுக்கே தான் படைத்த உடை மறுக்கப்பட்டது என்பதைப் படம் ஒரு குறையாக உணரவே இல்லை.

பக்தி மரபின் ஆழ்வார் ஒருவரைக் கேளிக்கைக் கதைகளோடு ஒப்பிடுவது தகுமா என்று கேட்கலாம். புராணத்திலேயே எங்களிடம் சூப்பர்ஹீரோக்கள் இருந்தார்கள் என்ற வழக்கமான பெருமிதம் இங்கே நோக்கமில்லை. ஆண்டாளிடம் பறக்கும் ஆற்றலோ பகை வெல்லும் ஆயுதமோ தேட வேண்டியதும் இல்லை. ஒப்பிடப்படுவது கைமாறும் முறை மட்டுமே. பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண்ணாக நின்று, முன்னவரின் பணியை மாற்றி வளர்த்தவள் என்ற இலக்கிய வரலாற்று உண்மை இந்த ஒப்பீட்டுக்குப் போதும்.

பதில் ஆளாக வந்தவர்களும் பொருளை மாற்றியதுண்டே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மதுரையில் ராணி மங்கம்மாள் பேரனின் சார்பில்தான் ஆண்டார். சட்டப்படி அவர் இரவல் ஆட்சியாளர். ஆனாலும் ஊர்தோறும் சாலைக்கு நிலைத்தது அவர் பெயர்தான், ஆட்சியைத் திரும்பப் பெற்ற பேரன் விஜயரங்க சொக்கநாதரை நினைப்பவர் குறைவு. இந்த எடுத்துக்காட்டு அளவுகோலை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பதவி எந்தப் பெயரில் வந்தது என்பது பொருட்டல்ல, அது அவள் கையில் என்னவாயிற்று என்பதே பொருட்டு. ஜேன் ஃபாஸ்டரை இதே கண்ணோடு மறுபடி படித்தால் அவளுக்குப் பாதி மதிப்பெண்ணாவது தர வேண்டியிருக்கும்.

ஆண்டாளின் கதையே திருவரங்கனோடு கலந்து மறைவதில்தானே முடிகிறது, அதுவும் ஒருவகைத் திருப்பிக் கொடுத்தல் அல்லவா என்பது கடினமான கேள்வி. வரலாறு சொல்லும் நூல்களில் அவள் மறைவது உண்மை. வழக்கத்தில் அவள் மறையவில்லை. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தைத் திருப்பாவை எடுத்துக்கொள்கிறது. ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்ற பெயரே நிலைத்தது. ஆனால் இந்தப் பதிலோடு நிறைவடைய முடியாது. கோயில் கோஷ்டியில் அவள் பாசுரங்களை ஓதும் உரிமை பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கிறது. பெண்கள் வீட்டிலும் பஜனைக் கூடத்திலும் பாடுகிறார்கள். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரையை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் போராட்டங்கள் எழுந்தன, அவரும் வருத்தம் தெரிவித்தார். அந்தச் சச்சரவில் பெரிதாக ஒலித்தவையும் ஆண்களின் குரல்கள்தாம். ஆண்டாள் தான் பெற்றதை மாற்றினாள். அவளிடமிருந்து பெற்றவர்கள் அதைக் காப்பதிலேயே கருத்தாக இருக்கிறார்கள். மாற்றிய வாரிசுக்கு அடுத்து வருபவர் பெரும்பாலும் காவல்காரராகிவிடுவது எல்லா மரபுக்கும் நேரும் விபத்து. சித்திரக்கதை நிறுவனங்கள் வணிகக் காரணத்தால் செய்வதைச் சமய நிறுவனங்கள் புனிதத்தின் பெயரால் செய்கின்றன.

தமிழில் பெண் வாரிசை மையமாக்கி ஒரு வீரக்கதை எழுத நினைப்பவருக்கு இந்த வரிசை சில தெளிவுகளைத் தருகிறது. ரத்த உறவைத் தேட வேண்டாம், பழக்கிய கையும் உடன் செய்த வேலையும் போதும். முன்னவர் திரும்பி வருவதற்கான வாசலைத் திறந்தே வைத்துக்கொண்டு எழுதினால் அவள் விருந்தாளியாகவே இருப்பாள். முன்னவரின் எதிரிகளை அவள் வெல்வதைக் காட்டினால் மட்டும் போதாது. முன்னவருக்குத் தோன்றவே தோன்றாத ஒரு கேள்வியை அந்த ஆற்றலிடம் அவள் கேட்க வேண்டும். பெரியாழ்வார் கடவுளுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டார், ஆண்டாள் கடவுள் தனக்கு என்ன தருவான் என்று கேட்டாள். வாரிசு என்பவள் அந்தக் கேள்வியில்தான் பிறக்கிறாள். அதைக் கேட்காத கதையில் முகமூடிக்குள் பெண் இருந்தாலும், முகமூடி பழையவருடையதாகவே இருக்கும்.