கோவையில் கிடந்த முறைப்பாடு

1973 ஒக்டோபர் 30ஆந் திகதி பிற்பகல், நியூயோர்க்கிலே பசிபிக்கா நிறுவனத்தின் வானொலி நிலையம் நகைச்சுவையாளர் ஜோர்ஜ் கார்லினின் இசைத்தட்டொன்றை ஒலிபரப்பிற்று. ஒலிபரப்பில் சொல்லலாகாதெனப்படும் சொற்களை மீண்டும் மீண்டும் சொல்லி, அவைபற்றிய சமூக அச்சத்தை எள்ளுவதே அதன் பொருள். மகனுடன் காரிற் சென்ற ஒருவர் முறையிட்டார். வந்த முறைப்பாடு அது ஒன்றே.

1978இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. அச்சொற்கள் சட்டம் வரையறுக்கும் ஆபாசமல்ல என்பது ஏற்கப்பட்டதே. வானொலி வீட்டினுள் நுழைவது, சிறுவர் செவிக்கு எளிதில் எட்டுவது. ஆதலின் நேரமறிந்து பேசுக என்பதே நீதிமன்றின் நியாயம். மேலோட்டமாக நோக்கின் இதிற் குறைகாண்பது அரிது. பிரெனன் போன்றோரின் மறுப்புரையும், ஒரு சாராரின் பேச்சை இன்னொரு சாராரின் சுவையால் அளப்பதையே பெரிதும் சாடிற்று.

ஆயின் நாம் ஊன்றி நோக்கவேண்டியது வேறு. ஆணைக்குழு தண்டம் விதிக்கவில்லை. முறைப்பாட்டை நிலையத்தின் அனுமதிப்பத்திரக் கோவையிற் சேர்த்துவைத்தது. அனுமதி புதுப்பிக்கும் நாளை எண்ணியபடியே அறிவிப்பாளன் இனி ஒலிவாங்கி முன் அமரவேண்டும். பின்னர் தண்டமும் வளர்ந்தது. 2006இல் அதன் உச்சவரம்பு மீறலொன்றுக்கு 325,000 டொலராயிற்று.

அலன் கின்ஸ்பேர்க்கின் 'ஹௌல்' கவிதை ஆபாசமன்று என 1957இலே தீர்ப்பாயிற்று. அதன் ஐம்பதாம் ஆண்டில், 2007இல், அதே நிலையம் தண்டத்துக்கஞ்சி அதனை வானலையிற் படிக்காது இணையத்தில் இட்டது. கவிதையைத் தடுக்குமாறு எந்த நீதிபதியும் ஆணையிடவில்லை.