கழித்த துணியில் எழும் புத்தகக் கட்டு

முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் காளஹஸ்தி, மூங்கில் குச்சியால் துணியில் கோடிழுத்துச் சித்திரம் தீட்டும் கலம்காரிக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர். அக்கலையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளும், உடுத்திக் கழித்த பருத்திப் புடவைகளும், கையால் கட்டும் புத்தகங்களுக்கு மேலுறையாகும் தகுதி மிக்கவை. கடுக்காயும் பாலும் ஊட்டி, இரும்பும் வெல்லமும் ஊறிய கருஞ்சாற்றால் வரைந்து, சாயம் துணியைப் பற்றுவதற்குப் படிகாரமிட்டு, மீண்டும் மீண்டும் நீரில் அலசப்படுவதால், கலம்காரித் துணி சுருங்க வேண்டிய அளவுக்கு முன்பே சுருங்கிவிடுகிறது. பலமுறை துவைத்த புடவைக்கும் இக்குணம் உண்டு என்பதால், ஈரப்பசை உலரும்போது இத்துணிகள் அட்டையை அதிகம் வளைப்பதில்லை.

பசை கசிந்து கறைபடாதிருக்கத் துணியின் பின்புறம் மெல்லிய தாளை ஒட்டி உலர்த்தி, பாவு, அதாவது நெசவில் நீளவாட்டில் ஓடும் இழை, புத்தக முதுகுக்கு இணையாக அமையுமாறு வெட்டுவது நல்ல முறை. பின்னர், மடித்த தாள்களின் தொகுதியான பாரங்களை முதுகில் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைக் கொண்டு, பழைய பெட்டிகளிலிருந்து எடுத்த கெட்டி அட்டைகளை அவற்றோடு இணைக்கலாம். சித்திரத்தின் எப்பகுதி எந்த உறைக்கு வாய்க்கும் என்பது துண்டுக்குத் துண்டு மாறுவதால், இவ்வாறு கட்டிய ஒவ்வொரு புத்தகமும் தனித்த அழகு பெறுகிறது. நெய்தவர், வரைந்தவர், உடுத்தியவர் ஆகியோரின் உழைப்பும் பேணலும் வீணாகாமல் எழுத்தைக் காக்கும் பணியில் தொடர்வதே இக்கைவினையின் பெருமதிப்பு.